அவருக்குச் சொன்ன மருந்து

புதிதாக, கொஞ்சம் கஷ்டமாக ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னது என் வீட்டுக்காரரிடம். கற்றுக்கொண்டது நான். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்திருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவேன்.

அவர் பஸ் ஓட்டியவர். செனாயில் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற பஸ். விடிவதற்கு முன்னால் உலு திராமில் கிளம்பி, வழியில் இருக்கிற தாமான் என்கிற குடியிருப்புகள் ஒவ்வொன்றிலும் புகுந்து புறப்பட்டு, தூக்கம் கலையாத பெண்களை அள்ளிக்கொண்டு போய் ஷிப்டுக்குச் சரியாக இறக்கிவிடுவார். நானும் அந்தப் பஸ்ஸில் போனவள்தான். மின்னணுச் சாமான் செய்யும் இடத்தில் முதலில் ஆபரேட்டர், பிறகு லைன் லீடர். என் லைனில் ஒரு சாமான் தப்பாகப் போனால் என் குரல் கேண்டீன் வரைக்கும் கேட்கும் என்பார்கள். பொறுமை என்பது எனக்கு அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. அவருக்கு உண்டு. ஓடி வருகிறவளுக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், உள்ளே இருக்கிற நாங்கள் திட்டினாலும்.

வேலையை விட்டு நின்ற பிறகும் ஸ்டியரிங்கை அவர் விடவில்லை. வீட்டில் ஒரு கார் இருந்தது, எங்கள் பேச்சில் காடி. எங்கள் தாமானில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டிய பெண்கள், கிளினிக்குக்குப் போக வேண்டிய கிழவிகள் எல்லாரும் எங்கள் வீட்டு கேட்டில் வந்து, "அண்ணே, இன்னிக்கி காடி எடுப்பீங்களா?" என்று கேட்பார்கள். வீட்டில் ஒரு பல்ப் மாற்றச் சொன்னால் முட்டி வலிக்கிறது என்கிற மனிதர், அந்த "அண்ணே" காதில் விழுந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அதுதான் அவருடைய மரியாதை என்பது எனக்குத் தெரியும். படிப்பில்லை, சொத்தில்லை, பேச்சுத் திறமையும் இல்லை. அவர் கையில் காடி பத்திரமாகப் போகும் என்ற ஒரு பெயர் இருந்தது.

அப்படிப்பட்டவர் குளுவாங்கில் ஒரு சந்திப்பில் காடியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

பாலோவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாலோ அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இருக்கிற ஊர். அந்த வழியில் நான் எப்போதும் தூங்கிவிடுவேன். அவரே கொண்டுபோய்ச் சேர்ப்பார், நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு இறங்குவேன். அன்றைக்கு வண்டி நின்றதும் விழித்துப் பார்த்தேன். இரண்டு பக்க விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தன.

"இப்ப எந்தப் பக்கம்?" என்றார்.

"என்ன, வெளையாடுறீங்களா?"

"சொல்லு. பின்னால லோரி நிக்குது."

அவர் விளையாடவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சோதனையில் மாட்டிக்கொண்ட பள்ளிப்பிள்ளை மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போர்டைத் தேடிப் படித்துப் பக்கத்தைச் சொன்னேன். கல்யாண வீட்டில் அவர் எல்லாரிடமும் நன்றாகத்தான் பேசினார். இரண்டாம் தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

செனாயில் இருக்கிற எங்கள் மகள்தான் ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்கில் நேரம் வாங்கிக் கொடுத்தாள். டாக்டர் இளம் மலாய்ப் பெண். கனிவாகப் பேசுகிறவர். என் வீட்டுக்காரரைப் பாக்சிக், அதாவது மாமா என்றும் என்னை மாக்சிக், அத்தை என்றும் மலாயில் கூப்பிட்டார். இன்றைக்கு என்ன நாள், இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று தொடங்கினார். எங்கள் வீடுகளில் ஆம்பளையிடம் கேட்கிற கேள்விக்குப் பெண்சாதி பதில் சொல்வது வழக்கம். அவருக்கு இனிப்பு வேணாம், அவருக்கு முதுகு வலி, அவருக்கு அந்தக் கலர் பிடிக்காது. அதே பழக்கத்தில் நான், "செவ்வாய்க்கிழமை" என்றுவிட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். "மாக்சிக், நீங்க சொல்லக்கூடாது" என்று மலாயில் சொன்னார்.

பிறகு ஐந்து சொற்களைச் சொன்னார். வாழைப்பழம், சாவி, குடை, பள்ளிக்கூடம், சிவப்பு. மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பேன் என்றார். இடையில் ஒரு தாளைக் கொடுத்து, பத்தேகால் காட்டுகிற மாதிரி கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் இரண்டையும் தட்டுத் தடுமாறிச் செய்தார். பிறகு டாக்டர் அந்த ஐந்து சொற்களைக் கேட்டார்.

"வாழப்பழம்" என்றார் அவர். "சாவி."

அதோடு நின்றுவிட்டது. கூரையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். கடைசியில், எதிலாவது சிக்கினால் எப்போதும் செய்கிறபடி, என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. டாக்டர் இருக்கிறார் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கைப்பையைப் பார்த்தேன். அவர் கேட்டு நான் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

இது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். வயதாக ஆக மூளைக்கு வேலை கொடுக்க வேண்டுமாம். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் போதாது, தெரியாத ஒன்றில் போய்த் திணற வேண்டும். ஒரு மொழி, ஒரு வாத்தியம், எதுவாக இருந்தாலும் சரி. ஆறு மாதம் கழித்து மறுபடியும் சோதிப்போம், அதுவரைக்கும் பகலில் மட்டும், வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் காடி ஓட்டலாம், அதற்கப்புறம் ஓட்டலாமா என்பதை அந்தச் சோதனையைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

இவ்வளவு பேச்சில் அவர் காதில் விழுந்தது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

சீனம் படிக்கலாம் என்று சொன்னது அவர்தான். உலு திராமில் சீனர் சங்கம் ஒன்றின் மாடியில், வயதானவர்களுக்கு மாண்டரின் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கோப்பிக்கடையில் கேள்விப்பட்டு வந்திருந்தார். அவருக்கு அதில் ஒரு தந்திரம் இருந்தது. பஸ் கம்பெனி முதலாளி சீனர், பட்டறையில் எல்லாரும் சீனர். அங்கே கேட்டுக் கேட்டு அவருக்கு ஹொக்கியன் என்கிற இன்னொரு சீனப் பேச்சு கொஞ்சம் வரும். பாதி தெரிந்ததைப் படித்தால் சீக்கிரம் மார்க் வாங்கிவிடலாம் என்று கணக்கு. "நீயும் வா, ஒன்னும் தெரியாம நிப்ப, நான் சொல்லித் தரேன்" என்றார். சரி, தனியாக அனுப்பவும் மனமில்லை என்று நானும் பேரைக் கொடுத்தேன்.

வகுப்பில் பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர் ஒருவர், மலாய்ப் பள்ளியில் படித்ததால் தங்கள் மொழியையே எழுதத் தெரியாமல் போன சீனர்கள் சிலர். ஆசிரியை வெள்ளை முடிக்காரி. லாவ்ஷி என்று கூப்பிட வேண்டும், சீனத்தில் ஆசிரியர் என்று அர்த்தம். முதல் நாளே அவர், "அங்கிள், உங்களுக்குச் சீனம் கொஞ்சம் தெரியுமாமே, ஏதாவது பேசுங்கள்" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, பட்டறையில் கற்ற ஹொக்கியனில் கணீரென்று ஒரு வாக்கியம் சொன்னார். சீனக் கிழவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். லாவ்ஷியின் முகம் சிவந்துவிட்டது. அந்த வாக்கியத்தில் பாதி கெட்ட வார்த்தையாம். அவருக்கு அது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபோது சொல்கிற சொல், அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்த வகுப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

அவருக்குத் தெரிந்த ஹொக்கியனே அவருக்குக் குறுக்கே நின்றது. லாவ்ஷி ஒன்று சொன்னால் இவர் வாயில் பட்டறைச் சொல் வந்தது. எழுத்து அதைவிட மோசம். சீன எழுத்தில் எந்தக் கோட்டை முதலில் இழுப்பது, எதைப் பிறகு இழுப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. வரிசை மாறினால் லாவ்ஷி ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்கு அது உடனே பிடித்துப் போயிற்று. லைனில் அப்படித்தான், எந்தச் சாமானை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்று வரிசை உண்டு, மாறினால் எல்லாம் போச்சு. என் கைக்கு அது பழகின வேலை. அவருக்கோ, நேற்று எழுதியது இன்று கையில் நிற்கவில்லை.

ஒரு நாள் வீட்டில், 'வண்டி' என்ற எழுத்தை அவர் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தார். நான்கே கோடு. காட்டினேன், மறுபடியும் காட்டினேன். எனக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "வாழ்க்க பூரா வண்டி ஓட்டுனீங்க, இத எழுத வரலையா?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. பென்சிலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "வரலம்மா" என்றார். அவர் திருப்பித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்கடுத்த வகுப்பில் லாவ்ஷி அவரைப் பலகைக்குக் கூப்பிட்டு ஏதோ ஒரு எழுத்தை எழுதச் சொன்னார். அவர் மார்க்கரை வாங்கிக்கொண்டு நின்றார். கையைத் தூக்கினார், பலகையில் வைக்காமல் இறக்கினார். எல்லாரும் மரியாதையாகக் குனிந்து தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டார்கள். "காடிய தப்பான எடத்துல விட்டுட்டேன், மாத்தி விடணும்" என்று மலாயில் சொல்லிவிட்டு மார்க்கரை மேசையில் வைத்தார். படியில் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பி வரவில்லை. வகுப்பு முடிந்து நான் கீழே வந்தபோது எதிர்க் கோப்பிக்கடையில் தே தாரே குடித்துக்கொண்டிருந்தார். காடி, விட்ட இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் மாடி ஏறவில்லை. என்னைக் கொண்டுவந்து விடுவார், கோப்பிக்கடையில் காத்திருப்பார், கூட்டிப்போவார். நானும் நின்றுவிடுகிறேன் என்றதற்கு, "நீ படி, காசு கட்டியாச்சு" என்றார். எனக்குத் தெரியும், என்னைக் கொண்டுபோய் விடுகிற அந்த வேலைதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் என் தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக வெறும் கோலமாகப் பார்த்த கடைப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. இது மருந்துக்கடை, இது பல் டாக்டர், இந்தப் பலகையில் 'பெரிய மகிழ்ச்சி' என்று போட்டிருக்கிறது, உள்ளே டயர் விற்கிறார்கள். பாசாரில் மீன்காரியிடம் மாண்டரினில் விலை கேட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மருந்துப் பெட்டியை எங்கே வைத்தேன், எந்தப் பிள்ளைக்கு எப்போது பிறந்தநாள் என்பதெல்லாம் முன்னைவிடச் சுலபமாக நினைவுக்கு வந்தன. இது நிஜமா, என் பிரமையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு வர வேண்டியது வழிமாறி எனக்கு வந்துவிட்டதாகவே தோன்றியது. பிடுங்கி அவருக்குக் கொடுக்க வழியிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன். மத்தியானம் அவர் கண்ணயர்ந்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதிப் பழகுவேன். அவர் எழுந்து வருகிற சத்தம் கேட்டால் காய்கறி மேல் கை போகும்.

சோதனை நெருங்கியபோது மகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் தன் இரண்டு பிள்ளைகளையும் டியூசனிலேயே வளர்க்கிறவள். ஒரு பாடத்துக்கு ஒரு டியூசன், டியூசனுக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு டியூசன். எங்கள் ஜனங்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல. எங்களைத் தோட்டத்திலிருந்து டவுனுக்குக் கொண்டுவந்தது பரீட்சைதான் என்று நம்புகிறோம். அதனால் எந்தப் பரீட்சையானாலும் முதலில் தேடுவது பழைய கேள்விகளை.

"அப்பா சீனம் படிக்கிறாரா இல்லியா?" என்று கேட்டாள்.

"நான் படிக்கிறேன்" என்றேன்.

"அலமாக், ஒங்களுக்கா டெஸ்ட்டு?" என்று தலையில் கை வைத்தாள். பிறகு, "ம்மா, போன தடவ என்ன வார்த்த கேட்டாங்க? ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. ஐந்தும் இருந்தது. என் வாயால்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, "டாக்டர் மூளைக்கு வேலை குடுக்கச் சொன்னாங்க, கேள்விய மனப்பாடம் பண்ணச் சொல்லல" என்றும் சொன்னேன்.

"மூளைக்கு அப்புறம் வேல குடுக்கலாம்லா. மொதல்ல பாஸ் பண்ணட்டும். காடிய புடுங்கிட்டா அப்பா படுத்துருவாரு, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். வேண்டாம் என்று சொல்வதென்றால், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று சொல்ல எனக்கும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆக, என் வீட்டுக்காரருக்கு டியூசன் தொடங்கியது. சனிக்கிழமை தவறாமல் மகள் வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வாள். வாழைப்பழம், சாவி, குடை, பள்ளிக்கூடம், சிவப்பு. இடையில் கடிகாரம். பிறகு ஏழு ஏழாகக் கழித்தல். மறுபடியும் அந்த ஐந்து சொற்கள். சீன வகுப்பில் ஒரு எழுத்தைக்கூடப் பிடித்து வைக்க முடியாதவர், இதைப் பிடித்துக்கொண்டார். எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஓயாமல் சொல்லிக்கொண்டேயிருந்தார். குளிக்கும்போது தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் கேட்கும். சாமி படத்துக்கு முன்னால் திருநீறு பூசிக்கொண்டு கண்ணை மூடி முணுமுணுப்பார். காதைக் கொடுத்துக் கேட்டால் வாழைப்பழம், சாவி. செய்தித்தாளின் வெள்ளை ஓரங்களிலெல்லாம் கடிகாரம் வரைந்து வைத்திருப்பார், எல்லாம் பத்தேகால்.

பேரன் பிறந்தநாளுக்குச் செனாயில் கூடியபோது, கேக் வெட்டியதும் பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு, "தாத்தா, அஞ்சு வார்த்த!" என்றார்கள். அவர் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. பஸ் ஓட்டிய காலத்தில் எடுத்த படங்களில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நானும் கை தட்டினேன். வேறு என்ன செய்வது?

அன்றைக்குத் திரும்பி வந்த கையோடு, மறுநாள் கோயிலுக்குப் போகிற பெண்கள் யார் யார் என்று என்னைக் கேட்டார். அவர் எப்போதும் கூட்டிப்போகிறவர்கள்தான், வருஷக்கணக்காக. ஒவ்வொருவராகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை குரல் உயராமல்.

சோதனைக்குப் புறப்பட்ட காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். ரொட்டி சானாய் வாங்கிவந்து பசியாறினோம். ஜொகூர் பாரு தூரம் என்பதால் மகள் வந்து எங்கள் காடியை ஓட்டினாள். முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "லேன் மாறு, சிக்னல் போடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதே டாக்டர். எங்களைப் பார்த்ததில் சந்தோஷப்பட்டார். பாக்சிக் என்ன படித்தீர்கள் என்று கேட்டதற்கு இவர் துணிச்சலாக, "சீனம்" என்றார். நல்லது, நல்லது என்று டாக்டர் எழுதிக்கொண்டார். மகளும் நானும் பின்னால் இரண்டு நாற்காலிகளில் இருந்தோம். மகளின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைத் தேர்வு மண்டபத்தில் விட்டுவிட்டு வெளியே நிற்கும்போதும் அவள் இப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

நாளும் ஊரும் சரியாகச் சொன்னார். பிறகு டாக்டர் ஐந்து சொற்களைச் சொன்னார்.

நாற்காலி, மழை, எலுமிச்சை, பாலம், நீலம்.

மகளின் பிடி இறுகியது. அவர் அப்போதைக்குக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார், ஐந்தில் நான்கு வந்தது. சொற்கள் மாறிவிட்டன என்று அவருக்குப் புரிந்ததா என்று அவர் முதுகைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார் டாக்டர், மூன்றே முக்கால் காட்டுகிற மாதிரி. அவர் தாளை இழுத்துக்கொண்டு ஒரு விநாடிகூடத் தயங்காமல் அழகாக ஒரு வட்டம் போட்டார், எண்களை இடைவெளி பிசகாமல் எழுதினார், முள்ளைப் போட்டார். பத்தேகால். எழுதி முடித்துத் தாளை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தார், நல்ல மாணவன் வைக்கிற மாதிரி.

டாக்டர் இன்னும் ஏதேதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. எழுந்து போய் அவர் தோளைத் தட்டிச் சொல்லிவிடலாமா, இது அது இல்லைங்க, வேற, வேற என்று. அந்த நாற்காலியில் என்னை யாரும் கட்டி வைக்கவில்லை. ஆனாலும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"சரி பாக்சிக், அந்த ஐந்து சொற்கள்?" என்றார் டாக்டர்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாழப்பழம், சாவி, கொட, பள்ளிக்கூடம், செவப்பு" என்றார், ஒரே மூச்சில், தமிழில். பிறகு அதையே மலாயிலும் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி மகளைப் பார்த்துச் சிரித்தார். கை தட்டுகிற நேரம் அது. எங்கள் இரண்டு பேர் கையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு மடியில் கிடந்தன.

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்து, டாக்டர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

டாக்டர் நல்லவர். நீளமாக, இதமாகப் பேசினார். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரை விட்டுவிட்டு மகளைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டார். மாத்திரை, அடுத்த பரிசோதனை, தலையை ஸ்கேன் எடுப்பது. காடி இனிமேல் வேண்டாம், சாவியை வீட்டில் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள் என்றார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்த என் வீட்டுக்காரர், தன் தாளில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சீன வகுப்பைத் தொடரச் சொல்லுங்கள், அது நல்லது என்று கடைசியாகச் சொன்னார் டாக்டர்.

கார் நிறுத்துமிடத்தில் மகளுக்குக் கதவைத் திறக்க முடியவில்லை. சாவியைத் தப்பாக அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அழுவது பின்னாலிருந்தே தெரிந்தது. அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் படிச்சேம்மா" என்றார். "நீ சொல்லிக் குடுத்தது எல்லாம் அப்படியே இருந்துச்சி. அவங்க கேள்விய மாத்திட்டாங்க."

"ஆமாப்பா" என்றாள் அவள். "மாத்திட்டாங்க."

யாரும் சொல்லாமலே அவர் பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அந்தக் காடியின் பின் இருக்கையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் சிரமப்பட்டார். நான் மறுபக்கம் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெப்ராவ் சாலை வந்தது. மகள் லேன் மாறினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தார். மகளுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "புதுசா அஞ்சு சொன்னாங்களே. ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

நாற்காலி, மழை, எலுமிச்சை, பாலம், நீலம். ஐந்தும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. தமிழில் நின்றன, மலாயில் நின்றன. அதில் மூன்றுக்குச் சீன எழுத்தே எனக்குத் தெரியும், எந்தக் கோட்டை முதலில் இழுப்பது என்பது உட்பட.

"இல்லீங்க" என்றேன். "எனக்கும் மறந்துபோச்சி."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பிவிட்டார். மூச்சை விட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அப்ப கஷ்டமான கேள்விதான்" என்றார்.